வக்கீலம்மா பதில்கள்: பணம் கட்டிய வகுப்பும் பாதி வந்த பாடமும்

சென்ற இதழில் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, 'துப்பறியும் பயிற்சி, சட்ட உதவியாளர் பயிற்சி என்று வரும் விளம்பரங்களை விசாரித்துவிட்டுச் சேருங்கள்' என்று ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று ஆசிரியரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. பட்டா, பாகப்பிரிவினைக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். பயிற்சி நிறுவனங்களின் பெயர்களையும் எடுத்துவிட்டேன். ஒரு தரப்பை மட்டும் கேட்டுவிட்டு இன்னொருவர் பெயரை அச்சில் ஏற்றுவது என் தொழிலுக்கு அடுக்காது.

புதுவயல் வாசகர்:

வக்கீலம்மா, எனக்கு 24 வயது. பி.காம். முடித்துவிட்டு இங்கே ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதுகிறேன். முகநூல் விளம்பரம் பார்த்து, ஆறு மாதத் 'தனியார் துப்பறிவாளர் டிப்ளமா'வில் ரூ.48,000 கட்டிச் சேர்ந்தேன். அரசு அங்கீகாரம், டிடெக்டிவ் லைசென்ஸ், களப்பயிற்சி, வேலை உறுதி என்று போட்டிருந்தார்கள். ஞாயிறுதோறும் மதுரையில் ஒரு லாட்ஜ் ஹாலில் வகுப்பு. வாத்தியார் ஸ்லைடைப் படித்துவிட்டுப் போவார். களப்பயிற்சி என்று ஒரே ஒரு நாள் மாலுக்குக் கூட்டிப்போய், அவரையே பின்தொடரச் சொன்னார். சட்டப் பாடம் என்று தந்த பிடிஎஃப் முழுக்கப் பழைய இ.பி.கோ. மூன்று மாதத்தோடு நின்றுவிட்டேன். பணத்தைக் கேட்டால், 'எக்காரணத்தைக் கொண்டும் கட்டணம் திருப்பித் தரப்படாது' என்று நான் கையெழுத்துப் போட்ட படிவத்தைக் காட்டுகிறார்கள். சிங்க முத்திரை போட்ட அடையாள அட்டை ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அதை வைத்தாவது பிழைக்கலாமா?

தம்பி, முதலில் அந்த அட்டையைப் பர்ஸிலிருந்து எடுங்கள். நாட்டின் இலச்சினையைக் கண்டவர்களும் பயன்படுத்துவதைத் தடுக்க 2005-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. அந்த அட்டையோடு ஒரு வீட்டு வாசலில் நின்று 'நான் அரசாங்க விசாரணை அதிகாரி' என்று வாய்விட்டீர்களானால், அரசு ஊழியராக நடித்த குற்றமும் சேர்ந்துகொள்ளும். இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 204. அதற்காகக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். ஒரு கவரில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். உங்கள் வழக்குக்கு அதைவிட நல்ல ஆவணம் கிடையாது.

அடுத்தது லைசென்ஸ். இந்தியாவில் தனியார் துப்பறிவாளருக்கென்று லைசென்ஸ் கிடையாது. தனியார் துப்பறியும் நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 2007-ல் மாநிலங்களவையில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். அது சட்டமாகவில்லை. 2005-ன் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம் ஒன்று இருக்கிறது. அது ஏடிஎம் வாசலிலும் துணிக்கடை வாசலிலும் நிற்கும் செக்யூரிட்டிகளை அனுப்புகிற கம்பெனிகளுக்கானது. இல்லாத லைசென்ஸைத் தருவதாக ஒருவர் விளம்பரம் செய்தால், அதைப் பாடம் சரியில்லை என்ற குறையோடு சேர்க்க முடியாது. அது பொய். 'அரசு அங்கீகாரம்' என்பதையும் கொஞ்சம் கிளறுங்கள். எந்தத் துறை, எந்த அரசாணை, எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் சிறுதொழில் பதிவுச் சான்றையோ, டிரஸ்ட் பத்திரத்தையோ, ஒரு ஐஎஸ்ஓ காகிதத்தையோ நீட்டுவார்கள். அதில் எதுவும் பாடத்துக்கான அங்கீகாரம் ஆகாது.

இப்போது பணம். 'திருப்பித் தரமாட்டோம்' என்று அச்சடித்த வரியைப் பார்த்துப் பலரும் பாதி வழியிலேயே திரும்பிவிடுகிறார்கள். 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறைபாடான சேவைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் நேர்மையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்று. ரசீதில் கெடு எதுவும் சொல்லாவிட்டால் முப்பது நாள் என்று சட்டமே கெடு வைத்திருக்கிறது. ஆகவே நீங்கள் போட்ட கையெழுத்து அவர்களுக்குக் கோட்டைச் சுவர் அல்ல. ஒரு சூட்சுமம் மட்டும் கவனியுங்கள். 'இது அநியாய ஒப்பந்தம், ஒப்பந்தத்தையே ரத்து செய்யுங்கள்' என்று கேட்டால் அந்த விசாரணை மாநில நுகர்வோர் ஆணையத்தின் அதிகாரத்துக்குப் போய்விடும். 'சேவைக் குறைபாடு, பொய் விளம்பரம், பணத்தையும் நஷ்ட ஈட்டையும் தரச் சொல்லுங்கள்' என்று கேட்டால் மாவட்ட ஆணையமே போதும்.

நிறுவனம் மதுரையோ டெல்லியோ, நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை. உங்களுக்குச் சிவகங்கை மாவட்ட ஆணையம். கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கோர்ட் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் கிடையாது (இதை எழுதியதற்கு எங்கள் வக்கீல் சங்கத்தில் யாராவது என்னிடம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், பரவாயில்லை). பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் கெடு. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள். சில நிறுவனங்கள் அந்த ஒரு போனுக்கே இறங்கி வரும். வராவிட்டால் நோட்டீஸ் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. ஆகவே ஸ்பீடு போஸ்ட்டில், போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு அனுப்புங்கள்.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 'நாங்கள் கல்வி நிறுவனம், கல்வி சேவையில் வராது' என்பார்கள். அப்படி வாதாட உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் உண்மையிலேயே இருக்கின்றன. ஆனால் தேசிய ஆணையம் 2020 ஜனவரியில் ஒரு பெரிய அமர்வில், கோச்சிங் சென்டர்கள் அந்தக் குடைக்குள் வரமாட்டா, அவற்றின் மீது புகார் செல்லும் என்று பிரித்துச் சொன்னது. அதே தீர்ப்பு தொழிற்பயிற்சிப் படிப்புகளைக் கல்வியின் பக்கம் வைத்ததால், உங்கள் ஆள் 'நான் தொழிற்பயிற்சி' என்று நழுவப் பார்ப்பார். எந்தப் பல்கலைக்கழகத்தோடும் வாரியத்தோடும் இணைப்பு இல்லாமல், லாட்ஜ் ஹாலில் நடந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இது என்பதை மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். ஜெயிப்பது நிச்சயம் என்று சொல்லமாட்டேன். வலுவான வழக்கு என்று சொல்வேன்.

விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் செய்திகள், கூகுள் பே ரசீது எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். போனை மாற்றிவிடாதீர்கள். மின்னணு ஆவணத்தைத் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 63-ன்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். ஏ பகுதி ஆவணத்தைத் தருபவர் கொடுப்பது, பி பகுதி ஒரு நிபுணர் கொடுப்பது, இரண்டிலும் கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் எண் வரவேண்டும். நுகர்வோர் ஆணையம் சாட்சியச் சட்டத்தை அட்சரம் பிசகாமல் பிடித்துக்கொண்டிருக்காது, ஆனாலும் இணைத்துவிட்டால் வாய்ப்பேச்சுக்கு இடமில்லை. துப்பறிவாளர் வகுப்பில் முதல் வாரமே சொல்லித்தந்திருக்க வேண்டிய பாடம் இதுதான். உங்களுக்குத் தந்த பிடிஎஃபில் பழைய சாட்சியச் சட்டத்தில் இதற்கான 65பி பிரிவு கூட இருந்ததா என்று எனக்குச் சந்தேகம். 2024 ஜூலை 1 முதல் இ.பி.கோ. போய்விட்டது. 511 பிரிவு இருந்த இடத்தில் 358 பிரிவு. ஊரறிந்த 420 இப்போது 318(4). அதற்குப் பிறகு சேர்ந்தவரிடம் புதுச் சட்டம் என்று எதையும் காட்டாமல் பழைய சட்டத்தை மட்டும் கொடுத்ததையும் குறைபாடுகளில் ஒன்றாகச் சேருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த வகுப்பில் யாராவது 'கால் லிஸ்ட் எடுத்துத் தருகிறேன், ஆள் இருக்கிறது' என்று சொல்லியிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அடுத்தவர் செல்போன் அழைப்புப் பட்டியலை விலைக்கு வாங்கியதாக 2018-ல் தாணே போலீஸார் தனியார் துப்பறிவாளர்களைக் கைது செய்தார்கள். ஒரு பெண்ணின் இணையத்தையும் மின்னஞ்சலையும் ஓர் ஆண் வேவு பார்த்தால் நியாய சன்ஹிதா பிரிவு 78. இவற்றை விட்டால் துப்பறிய என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. வில்லங்கச் சான்று, ஈகோர்ட்ஸ் இணையதளத்தில் வழக்கு விவரம், கம்பெனிப் பதிவேடுகள், கோர்ட் தீர்ப்பு நகல்கள், அப்புறம் அக்கம்பக்கத்தில் மரியாதையாகப் பேசித் தெரிந்துகொள்வது. மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரித்து வரச் சொன்னால் நம் பக்கத்தில் ஒரு பெரியவர் ஒரே நாளில் கொண்டுவரும் விவரத்தில் பாதிகூடத் தராத ஏஜென்சி ரிப்போர்ட்டுகளை நான் கோப்புகளில் பார்த்திருக்கிறேன்.

ஆசை போகவில்லை என்றால், கணக்குத் தெரிந்த ஆள் நீங்கள், அதை விடாதீர்கள். பர்மாவிலும் மலேயாவிலும் இருந்த செட்டியார் கடைகளில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, அப்புறம்தான் கடையை நடத்தும் மேலாள் ஆவார்கள். யாரும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் மேலாள் ஆனதில்லை. பண மோசடிக் கணக்குகளைப் பார்க்கும் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் சம்பளம் குறைவாக இருந்தாலும் உட்கார்ந்து பாருங்கள்.

கானாடுகாத்தானிலிருந்து ஒரு ஆச்சி:

எங்கள் பெரிய வீட்டில் 20 பங்குக்கு மேல். விற்கலாமா, ஹோட்டலுக்குக் குத்தகை விடலாமா என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பத்திரங்களை நானே படித்துப் புரிந்துகொள்ள நினைத்து ஆன்லைனில் 'சட்ட உதவியாளர்' வகுப்பு ஒன்றில் ரூ.12,000 கட்டிச் சேர்ந்தேன். முழுக்க இங்கிலீஷ். அமெரிக்காவில் வழக்குக்கு முன்னால் சாட்சியை எப்படி விசாரிப்பார்கள் என்று மூன்று வகுப்பு நடத்தினார்கள். மூலப்பத்திரம் என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. இவர்கள் மேலும் வழக்குப் போடலாமா?

போட வேண்டாம் ஆச்சி. நீங்கள் அனுப்பிய பாடத்திட்டத்தைப் பார்த்தேன். அவர்கள் சொன்னதைத்தான் நடத்தியிருக்கிறார்கள். இங்கிலீஷ் என்றும் போட்டிருக்கிறது, அயல்நாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்ய என்றும் போட்டிருக்கிறது. உங்களுக்கு வேண்டாத பாடம், ஆனால் அவர்கள் ஏமாற்றவில்லை. மீதி வகுப்புக்கான பணத்தைத் தரமுடியுமா என்று தன்மையாக ஒரு மெயில் போடுங்கள். தந்தால் லாபம்.

உங்களுக்கு வேண்டியது வேறு. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை இலவசமாகவே பார்க்கலாம். அதில் வராத பழைய வருடங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேடச் சொல்லுங்கள். பங்கு யார் யாருக்கு என்பதில் பெண்மக்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டிருப்பார்கள், அதைத்தான் முதலில் பாருங்கள். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலே, அந்தத் தேதிக்கு முன் மணமாகாத மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்கு வந்துவிட்டது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 மத்தியத் திருத்தப்படி மகள் பங்கு கேட்க, அந்தத் திருத்தம் வந்த தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை என 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முன்பே முடிந்துபோன பதிவுசெய்த பாகப்பிரிவினையை இது கிளறாது. ஆகவே உங்கள் வீட்டில் எழுதிய பத்திரம் எந்த வருடம், பதிவானதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இன்னொன்று. 1987-ன் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தில் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. இலவசமாக வக்கீல் ஆலோசனை கேட்கலாம், சட்ட உதவி எண் 15100-க்கு அழைத்தால் போதும். பெரிய வீட்டு ஆச்சி இலவச வக்கீலைக் கேட்பதா என்று யோசிப்பீர்கள். உள்ளூர் வக்கீலுக்குப் பங்காளி வீடு அத்தனையிலும் பழக்கம் இருக்கும்போது இது ஒரு வசதிதான்.

தேவகோட்டை ஆசிரியை ஒருவர்:

எங்கள் பள்ளியின் உள் புகார்க் குழுவில் நான் இருக்கிறேன். 'பணியிடப் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிப்பது எப்படி' என்று ஒரு நாள் பயிற்சி. பாதி நாள் கதை, கைதட்டல், கண்ணை மூடி மூச்சு விடுவது. மீதியில் வந்தவர் சொன்னது, 'முடிந்தவரை இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சமரசம் செய்துவிடுங்கள், பள்ளிப் பெயர் கெடாது.' சாப்பாட்டுக்கு முன்பே கருத்துப் படிவத்தை நிரப்பி வாங்கிவிட்டார்கள். நான் 'திருப்தியில்லை' என்று எழுதினேன். தாளாளர் கூப்பிட்டு, 'எல்லாரும் நன்று என்று போட்டிருக்க உங்களுக்கு மட்டும் என்ன?' என்று கேட்டார்.

சாப்பாட்டுக்கு முன்பே கருத்துக் கேட்பது சாம்பார் நன்றாக இருந்தால் மார்க் கூடிவிடும் என்ற பயமாக இருக்கும்! அது கிடக்கட்டும். நீங்கள் எழுதியது சரி, ஆனால் போதாது. 'திருப்தியில்லை' என்றால் தாளாளர் அதை உங்கள் குணம் என்று எடுத்துக்கொள்வார். பயிற்சியாளர் சொல்லித்தந்தது சட்டத்துக்கு விரோதம் என்று எழுதினால் அப்படித் தள்ள முடியாது.

2013-ன் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தில் பிரிவு 10-ஐப் படியுங்கள். சமரசம் என்பது பாதிக்கப்பட்ட பெண் தானாகக் கேட்டால் மட்டும். குழு அதை முன்வைக்கக்கூடாது, பணம் கொடுத்து முடிப்பதைச் சமரசத்தின் அடிப்படையாக வைக்கவே கூடாது. ஆகவே உங்கள் பயிற்சியாளர் சொன்னபடி நடந்தால் குழு போட்ட அறிக்கையே நாளைக்குக் கோர்ட்டில் நிற்காது. தாளாளருக்குப் புரிகிற பாஷையில் சொன்னால், பள்ளிப் பெயர் அப்போதுதான் கெடும். ஒரு நாள் பயிற்சியில் வந்திருக்க வேண்டியவை என்னவென்று நானே எழுதித் தருகிறேன், கடிதத்தோடு இணையுங்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கும் அதிகாரம் குழுவுக்கு உண்டு. புகார் நகல் எதிர்த்தரப்புக்கு ஏழு வேலைநாளில், அவர் பதில் பத்து வேலைநாளில். விசாரணை 90 நாளில் முடிந்து, அடுத்த பத்து நாளில் அறிக்கை. விசாரிக்கும்போது தலைவரையும் சேர்த்து மூன்று பேராவது உட்கார வேண்டும். யார் பெயரும் வெளியே போகக்கூடாது. அப்புறம், இரண்டு தரப்புக்கும் மற்றவர் சாட்சியத்தை மறுக்க வாய்ப்பு தருவது. கோர்ட்டில் இந்த விசாரணைகள் அடிபடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இதை ஒரு கற்பனைப் புகாரை வைத்து உட்கார்ந்து நடித்துப் பார்த்திருந்தாலே மூச்சுப் பயிற்சிக்கு நேரம் இருந்திருக்காது.

மறுபடி நடத்தச் சொல்லிக் கேளுங்கள். பள்ளி பணம் கொடுத்திருக்கிறது, கேட்கும் உரிமை இருக்கிறது.

பொன்னமராவதி வாசகர்:

மகன் 'கையெழுத்து, கைரேகை நிபுணர்' சான்றிதழ் வகுப்பு முடித்தான். கோர்ட்டில் சாட்சி சொல்லலாம் என்றார்கள். ஒரு வக்கீலும் கூப்பிடவில்லை.

சட்டம் கேட்பது சான்றிதழை அல்ல, அந்தத் துறையில் தனித்திறனை. சாட்சிய அதினியம் பிரிவு 39. கூண்டில் ஏறியதும் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வி, 'இதுவரை எத்தனை ஆவணம் பார்த்திருக்கிறீர்கள்?' மூன்று மாத வகுப்பு அதற்குப் பதில் ஆகாது. அனுபவமுள்ள ஒரு நிபுணரிடம் சில வருடம் உதவியாளராக இருக்கட்டும். விளம்பரத்தில் 'கோர்ட் அங்கீகாரம்' என்று எழுதியிருந்தால் புதுவயல் தம்பிக்குச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும். நீங்கள் புதுக்கோட்டை ஆணையத்துக்குப் போக வேண்டும்.

திருப்பத்தூரிலிருந்து ஒரு பயிற்சியாளர்:

நீங்கள் எங்கள் எல்லாரையும் திருடர்களாக்குகிறீர்கள். பத்து வகுப்பில் நாலுக்குக்கூட வருவதில்லை, வந்தாலும் கையில் போன். பரீட்சையில் தேறாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். எங்களுக்கு யார் நியாயம் சொல்வது?

ஐயா, கானாடுகாத்தான் ஆச்சிக்கு எழுதிய பதிலை ஒருமுறை படியுங்கள். பிடிக்கவில்லை என்பதும் தேறவில்லை என்பதும் வழக்கு ஆகாது. சொன்னதைத் தந்திருந்தால் உங்களிடம் யாரும் எதுவும் வாங்க முடியாது. அதனால் சொல்வதைக் குறைத்துச் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம், யார் நடத்துவார், அவர் எந்தக் கோர்ட்டில் அல்லது எந்தத் துறையில் எத்தனை வருடம் இருந்தவர், பாடம் எந்தத் தேதி வரையிலான சட்டம், நடுவில் நின்றால் எவ்வளவு திரும்பும். இதை ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கையெழுத்து வாங்குங்கள். வருகைப் பதிவேட்டை ஒழுங்காக வைத்திருங்கள். நாலு வகுப்புக்கு வந்தவர் என்பதை அதுதான் காட்டும்.

2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கோச்சிங் விளம்பரங்களுக்கு வழிகாட்டுதல் கொண்டுவந்துவிட்டது. ஐம்பது மாணவருக்கு மேல் இருந்தால் நீங்களும் அதில் வருவீர்கள். நூறு சதவீதத் தேர்ச்சி, வேலை உறுதி என்று போடக்கூடாது. தேறிய பையனின் படத்தை அவன் எழுத்தில் சம்மதம் தராமல் போடக்கூடாது. நிபந்தனைகளை எறும்பெழுத்தில் ஒளித்து வைக்கக்கூடாது. தவறான விளம்பரத்துக்கு முதல் தடவையே பத்து லட்சம் வரை அபராதம் போகலாம். உங்கள் துண்டறிக்கையைக் கடிதத்தோடு வைத்திருந்தீர்கள். 'நீதிபதி ஆவது உறுதி' என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. அடுத்த அச்சில் எடுத்துவிடுங்கள்.

கோட்டையூர் வாசகர்:

ஆன்லைனில் வார இறுதி எல்.எல்.பி., வருகைப் பதிவு தேவையில்லை என்றார்கள். முதல் தவணை கட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் இரண்டாம் தவணை கேட்கிறார்கள். இதை முடித்தால் வக்கீலாகலாமா?

ஆக முடியாது. தபால் வழியிலோ ஆன்லைனிலோ படித்த சட்டப் பட்டத்தைப் பார் கவுன்சில் ஏற்பதில்லை. 2008-ன் சட்டக் கல்வி விதிகளின்படி ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீதம் வருகை வேண்டும். பதிவு செய்யாமல் வக்கீல் தொழில் செய்தால் 1961-ன் வழக்கறிஞர்கள் சட்டம் பிரிவு 45-ல் ஆறு மாதம் வரை சிறை. காரைக்குடியிலேயே அரசு சட்டக் கல்லூரி வந்துவிட்டது, உங்கள் ஊரிலிருந்து பக்கம்தான். அதற்கான விண்ணப்பம் எப்போது என்று விசாரியுங்கள். வெள்ளிக்கிழமை எதுவும் கட்டாதீர்கள். முதல் தவணையைத் திருப்பிக் கேட்டு இன்றைக்கே ஒரு மெயில் அனுப்பிவிட்டு, அதன் நகலை எனக்கும் அனுப்புங்கள்.